மேலே பார்த்து முடுக்கும் வேலைக்கு எந்த ஸ்க்ரூ கன்?

கடையில் ஸ்க்ரூ கன் காட்டுகிறவர்கள் எப்போதும் கீழே பார்த்துத்தான் காட்டுவார்கள். மேஜைமேல் ஒரு துண்டு ஜிப்சம் போர்டு, அதற்கடியில் போர்டைத் தாங்கும் தகட்டுச் சட்டமான ஒரு துண்டு செக்‌ஷன். டர்ர் டர்ரென்று வரிசையாக ஸ்க்ரூ இறங்கும். அந்த மேஜையில் தோற்றுப்போன மிஷின் எதையும் நான் பார்த்ததில்லை. நம் ஃபால்ஸ் சீலிங் வேலை அப்படியா இருக்கிறது? கழுத்தை மல்லாத்திக்கொண்டு, ஒரு கை போர்டைத் தாங்க, மறு கையில் கன்னைத் தூக்கிப் பிடித்து, கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொண்டு முடுக்க வேண்டும். அதனால் மிஷின் வாங்கப் போனால் முதலில் நான் கேட்பது, போர்டுத் துண்டை இரண்டு பேர் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க முடியுமா என்பதுதான். கோவை காந்திபுரத்தில் ஒரு கடைப் பையன், "என்னங்கண்ணா, எங்க கடைக்கே சீலிங் அடிச்சுக் குடுத்துட்டுப் போறீங்களா?" என்று சிரித்தான். சிரித்தாலும் பிடித்துக் கொடுத்தான். மேலே பத்து ஸ்க்ரூ முடுக்கிப் பார்த்தால் தெரிகிற வித்தியாசம் கீழே நூறு முடுக்கினாலும் தெரியாது.

பல்லடம், திருப்பூர், சூலூர், சரவணம்பட்டி என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் ஃபால்ஸ் சீலிங் வேலை எடுத்துச் செய்கிறேன். பெரிய கம்பெனி இல்லை. ஒரு சிறிய செட். கையில் வாங்கியது, கூட வேலை செய்தவர்களிடம் இரவல் வாங்கியது, பெரிய சைட்டுகளில் பக்கத்து டீமிடம் வாங்கிப் பார்த்தது என்று பேட்டரி கன்கள் பலவற்றில் கை வைத்தாயிற்று. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நம் ஊரில் சாதாரணமாகப் போடுவது 12.5 மி.மீ. தடிமனுள்ள 6 அடிக்கு 4 அடி போர்டு. செக்‌ஷன் 457 மி.மீ. இடைவெளியில் ஓடும். போர்டின் நீளம் செக்‌ஷனுக்குக் குறுக்காக வரும்படி வைத்தால் ஒரு போர்டுக்கு ஐந்து வரிசை கிடைக்கும். 230 மி.மீ.க்கு ஒன்று என்று 25 மி.மீ. ஸ்க்ரூ முடுக்கினால் வரிசைக்கு ஆறு, மொத்தம் முப்பது. போர்டு முடிகிற ஓரங்களில் கொஞ்சம் நெருக்கிப் போட்டால் முப்பத்தைந்து வரை போகும். 1000 சதுர அடி சீலிங் என்றால் நாற்பது போர்டுக்கு மேல். ஸ்க்ரூ 1300 முதல் 1500 வரை. அத்தனையும் தலைக்கு மேலே. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால்தான், கால் கிலோ எடை குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ட்ரில் மிஷினே இருக்கிறதே, அதில் முடுக்கக் கூடாதா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களும் கேட்பார்கள். முடுக்கலாம், ஆனால் போர்டு எதில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஜிப்சம் வெறும் மாவுக்கட்டி. அதைப் பிடித்து நிறுத்துவது மேலும் கீழும் ஒட்டியிருக்கிற காகிதம். ஸ்க்ரூத் தலை அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல், மட்டத்துக்குக் கொஞ்சமே உள்ளே போய், காகிதத்தை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் அந்த ஸ்க்ரூ கணக்கிலேயே சேராது; இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட வேண்டும். ட்ரில்லில் இருக்கிற கிளட்ச் எதிர்ப்பைப் பார்த்து நழுவுகிறது. செக்‌ஷன் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிற இடத்தில் எதிர்ப்பு அதிகம், ஸ்க்ரூ வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒற்றைத் தகடு உள்ள இடத்தில் எதிர்ப்பு குறைவு, தலை உள்ளே புதைந்துவிடும். ஸ்க்ரூ கன்னோ ஆழத்தைப் பார்க்கிறது. மிஷினின் மூக்கு போர்டில் முட்டியதும் உள்ளே கிளட்ச் விலகி, ஸ்க்ரூவைத் திருப்புகிற முனையான பிட் நின்றுவிடும். அந்த ஒரு காரணத்துக்குத்தான் தனியாகக் காசு கொடுக்கிறோம். இம்பாக்ட் டிரைவரை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். அது தட்டித் தட்டி முடுக்கும். காகிதம் எத்தனை தட்டைத் தாங்கும்?

ஒயர் கன் போதாதா, பேட்டரி எதற்கு என்பது அடுத்த கேள்வி. இரண்டாயிரத்துக்குள் ஸ்க்ரூ முடுக்குகிற சின்ன வீட்டு வேலைகளில் ஒயர்தான் பெரிய தொல்லை. ஏணியிலிருந்து இறங்கி, சாரத்தைத் தள்ளி, மறுபடி ஏறும்போதெல்லாம் ஒயர் எங்காவது மாட்டும். புது வீடுகளில் தற்காலிக கரண்ட் இணைப்பு ஒன்றுதான் இருக்கும். அதில் டைல்ஸ்காரர் கட்டர் போட்டிருப்பார், பெயிண்டர் தேய்க்கிற மிஷின் போட்டிருப்பார். போதாதற்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணிக்குப் போனால் மாலை நாலோ ஐந்தோ ஆகும். கூலி ஆட்கள் நாலு பேர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் ராத்திரியே பேட்டரி சார்ஜ் போட்டு வைத்திருந்தால் அன்றைக்கும் போர்டு ஏறும்.

சரி, மிஷினுக்கு வருவோம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிற எண் சுற்று வேகம். மகிட்டாவின் டிஎஃப்எஸ்452 நிமிடத்துக்கு 4000 சுற்று, டிவால்ட் டிசிஎஃப்620 4400, மில்வாக்கியின் 18 வோல்ட் கன் 4500, ஹில்டியின் எஸ்டி 5000 பெயரிலேயே எண்ணைச் சொல்லிவிடுகிறது. இந்த வித்தியாசத்தை வைத்து ஒன்றை விட்டு ஒன்றை வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அரை மில்லிமீட்டர் தகட்டில் 25 மி.மீ. ஸ்க்ரூ இறங்குவது ஒரு நொடி வேலை. 4000க்கும் 5000க்கும் நடுவில் மிச்சமாகிற நேரம், பையிலிருந்து அடுத்த ஸ்க்ரூவை எடுக்கிற நேரத்தில் கரைந்துவிடும். ஆனால் 2500 சுற்று என்று போட்ட மாடல் இருந்தால் கவனம். அது தடித்த இரும்பில் துளையிட்டு இறங்கும் ஸ்க்ரூவுக்கானது. விலை குறைவு என்று சீலிங்குக்கு வாங்கினால் வேகம் பற்றாது.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அழுத்தினால் மட்டும் மோட்டார் ஓடுகிற வசதி. மகிட்டாவில் இதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. பொத்தானைத் தட்டி, டிரிகரைப் பூட்டிவிட்டால் மோட்டார் சும்மா இருக்கும். ஸ்க்ரூவைப் போர்டில் வைத்து அழுத்தினதும் ஓடும், முடிந்ததும் நிற்கும். மில்வாக்கியிலும் இதே மாதிரி உண்டு. டிவால்ட் 620ல் இல்லை. அதில் டிரிகரைப் பூட்டினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், பிட் மட்டும் அழுத்தும்போது சுற்றும். சுவர் வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. சீலிங்கில் மிஷின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாள் முழுக்க அந்த இரைச்சல், மோட்டார் விசிறி ஊதுகிற காற்றில் முகத்துக்கு வருகிற தூசி, வீணாகிற பேட்டரி என்று மூன்று தொல்லை. கூட இருக்கிறவன் "அண்ணா, கொஞ்சம் மேல தூக்கட்டுமா?" என்று கேட்பது காதில் விழ வேண்டும், கிட்டத்தட்ட 18 கிலோ போர்டு அவன் தலையில் இருக்கிறது.

அந்த வசதியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிட் நுனியை எது அழுத்தினாலும் மோட்டார் ஓடும். இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறும்போது, படியில் முட்டினால் சுற்றும். என் செட்டில் ஒரு பையனுக்கு லுங்கி நுனி சுற்றிக்கொண்டது. நல்லவேளை, துணியோடு போயிற்று. இறங்கும் முன் டிரிகர் பூட்டை எடுத்துவிட வேண்டும், பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்பது இப்போது எங்களிடம் சட்டம். லுங்கிக்கும் தடை.

எடை விஷயத்தில் அட்டையை நம்பாதீர்கள். சிலர் பேட்டரி இல்லாத எடையைப் போட்டிருப்பார்கள். இந்தக் கன்கள் வெறும் உடம்பாக ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசத்தை உண்டாக்குவது பேட்டரி. 18 வோல்ட் பேட்டரி என்பது வரிசையாகக் கோத்த ஐந்து செல். 2 ஆம்பியர் (அட்டையில் 2 Ah) பேட்டரியில் ஐந்துதான் இருக்கும். 5 ஆம்பியரில் அதே ஐந்து இரண்டு அடுக்காக, பத்து செல் இருக்கும். மேலே பிடிக்கும்போது அந்தக் கூடுதல் கால் கிலோவும் மணிக்கட்டுக்குப் பின்னால் கீழே இழுக்கும். கடைக்காரர் பெரிய பேட்டரியைத்தான் தள்ளுவார். "பெருசா வாங்கிக்குங்க, ரெண்டு நாளைக்கு வரும்" என்பார். தரைமட்ட வேலைக்கு அது சரி. சீலிங்குக்குச் சிறிய பேட்டரி இரண்டு வாங்குங்கள். அழுத்தினால் மட்டும் ஓடுகிற முறையில் வைத்தால் 2 ஆம்பியர் பேட்டரி ஒரு படுக்கையறைக்குத் தாராளமாக வரும். ஒன்று கையில், ஒன்று சார்ஜரில்.

அப்புறம் 18 வோல்ட்டா, 20 வோல்ட்டா என்று ஒரு குழப்பம். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுச் சார்ஜில் இருக்கும்போது செல் 4 வோல்ட்டைத் தொடும், அதைக் கணக்கிட்டு அமெரிக்காவில் டிவால்ட் மாதிரிச் சில கம்பெனிகள் 20 என்று அச்சடிக்கிறார்கள். பொருள் ஒன்றுதான். நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். வரும்போது மிஷின் வாங்கி வரச் சொல்கிற பழக்கம் பெருகிவிட்டது. மிஷின் ஓடும், பேட்டரியும் ஓடும். சார்ஜர் அங்கே 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் புகைதான். சார்ஜரை மட்டும் இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் வேகமானதை வாங்குங்கள். மகிட்டாவின் வேக சார்ஜரில் 5 ஆம்பியர் பேட்டரி 45 நிமிடத்தில் ஏறும்; மலிவான சின்ன சார்ஜரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். செட்டோடு சேர்த்துத் தருவது பல சமயம் அந்தச் சின்னதாகத்தான் இருக்கும்.

சித்திரை, வைகாசியில் ஈரோடு, பெருந்துறைப் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், சீலிங் மட்டத்தில் என்ன வெக்கை இருக்கும் என்று. தகரக் கூரை போட்ட தறிக் குடோனை ஆபீஸாக மாற்றுகிற வேலை என்றால் கேட்கவே வேண்டாம். மத்தியானம் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போட்டால் விளக்கு மின்னும், சார்ஜ் ஏறாது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. கெடவில்லை, சூடான செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று அது காத்திருக்கிறது. கீழே, நிழலில், காற்றோட்டமான தரையில் வைத்தால் தானாக ஆரம்பிக்கும். ஈரத்துணி சுற்றுவது, பிரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டாம். காரின் கண்ணாடிக்கடியில் பேட்டரிப் பெட்டியை விட்டுவிட்டு வருவதும் வேண்டாம்.

பிடிக்கிற முறை சொல்லிக் கொடுக்காமல் எந்தக் கன்னையும் குறை சொல்லக் கூடாது. துப்பாக்கி பிடிக்கிற மாதிரி ஆட்காட்டி விரலால் டிரிகரை இழுத்தால் மணிக்கட்டு மடியும், அழுத்துகிற விசை கோணலாகப் போகும். உள்ளங்கையை மேலே ஏற்றி, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளம் மோட்டாருக்கு நேர் பின்னால் வரும்படி வைக்க வேண்டும். ஆட்காட்டி விரல் மிஷினின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும். டிரிகரை நடுவிரலும் மோதிரவிரலும் பார்த்துக்கொள்ளும். அப்போது முழங்கை, மணிக்கட்டு, பிட் மூன்றும் ஒரே கோட்டில் வரும். கடையில் பார்க்கும்போது இந்தப் பிடிக்கு மிஷினின் முதுகில் இடம் இருக்கிறதா, ரப்பர் வழுக்குகிறதா என்று பாருங்கள். கை சிறியவர்களுக்குச் சில மாடலில் டிரிகர் எட்டாது. எனக்குக் கையில் சரியாக உட்கார்ந்தது மகிட்டா. என் செட்டில் இருக்கும் பீகார்க்காரப் பையனுக்கு டிவால்ட்தான் பிடித்தது; பெரிய கை. இதில் யார் சொல்வது சரி என்று சண்டை போட ஒன்றுமில்லை.

நேராக அழுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சீலிங் செக்‌ஷன் மேலே கம்பியிலோ பட்டையிலோ தொங்குகிறது. நாம் அழுத்தினால் அது மேலே எழும்பும். தகடு எழும்பிக்கொண்டே போக, ஸ்க்ரூ நுனி பிடிக்காமல் போர்டுக்குள்ளேயே சுற்றி, ஓட்டையைப் பெரிதாக்கும். பலர் வேகத்தைக் கூட்டப் பார்ப்பார்கள். அது உதவாது. சட்டென்று ஒரு உறுதியான அழுத்து, பிடித்ததும் கை தளர்வு, அவ்வளவுதான். போர்டின் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போனால் போர்டு தொய்வில்லாமல் மேலே ஒட்டிக்கொள்ளும். நாலு மூலையையும் முதலில் முடுக்கிவிட்டு நடுவுக்கு வந்தால் வயிறு விழுந்துவிடும். அதை எந்த மிஷினும் நிமிர்த்தாது.

ஆழம் வைப்பதைக் காலையில் முதல் வேலையாகச் செய்யுங்கள். வீணான துண்டுப் போர்டில், அதே செக்‌ஷன் துண்டில், அன்றைக்குப் பயன்படுத்தப் போகிற ஸ்க்ரூவை முடுக்கிப் பார்த்து மூக்கு வளையத்தைத் திருப்ப வேண்டும். ஸ்க்ரூ பாக்கெட் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். தலையின் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிட் தேய்ந்தாலும் ஆழம் மாறும். மிஷின் ஆடுகிறது, ஸ்க்ரூ கோணலாகப் போகிறது என்று என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவை தேய்ந்த பிஎச்2 (பிளஸ் முனை) பிட், அல்லது பிளஸ் வெட்டு ஒழுங்காக விழாத மலிவு ஸ்க்ரூ. நல்ல கன் என்றால், ஆழத்தைக் கலைக்காமல் மூக்கை மட்டும் இழுத்துக் கழற்றிப் பிட் மாற்ற முடியும். மேலே சொன்ன மகிட்டாவில் இது சுலபம். கடையில் அதையும் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பட்டைப் பட்டையாகக் கோத்த ஸ்க்ரூவைத் தானே ஊட்டிக்கொள்ளும் வகையைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். டிவால்டில் ஊட்டுகிற பகுதியைக் கன்னுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளலாம். மகிட்டாவில் டிஎஃப்ஆர்550 என்று தனி மிஷினாகவே இருக்கிறது, 25 முதல் 55 மி.மீ. வரை ஓடும். ஒரு கை முழுசாகப் போர்டுக்குக் கிடைக்கிறது என்பது சீலிங்கில் பெரிய வசதி, மறுக்க முடியாது. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, பனியன் கம்பெனி ஆபீஸ் மாதிரி சமதளமாக விரிந்து கிடக்கிற சீலிங் என்றால் நானும் அதையே எடுப்பேன். நம் ஊர் வீட்டு வேலை அப்படியில்லை. ஓரத்தில் விளக்கை மறைக்கும் பள்ளமான கோவ், படி, நடுவில் வட்டம், பூஜையறைக்குத் தனி டிசைன் என்று எல்லாம் துண்டு துண்டு. ஊட்டுகிற பகுதியின் உடம்பு சுவரோரத்தில் இடிக்கும். ஓரச் சேனலுக்குக் கடைசி ஸ்க்ரூவைச் சாதாரணக் கன்னில்தான் போட வேண்டியிருக்கும். அதோடு முன்பக்கம் கனம் கூடும். பட்டை ஸ்க்ரூ எல்லாக் கடையிலும் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தீர்ந்தால் திங்கள்கிழமைதான். உதிரி ஸ்க்ரூ எந்த மூலையிலும் கிடைக்கும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பழைய வீடுகளில் மரச் சட்டத்தில் போர்டு அடிக்கச் சொன்னால் ஸ்க்ரூவை மாற்றுங்கள். தகட்டுக்கு நெருக்கமான மரை, மரத்துக்கு அகலமான மரை. வால்பாறை மாதிரி ஈரமான இடத்தில் கறுப்பு ஸ்க்ரூ துருப்பிடித்து, பட்டி, பெயிண்டையும் மீறிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். துத்தநாகம் பூசினது வாங்குங்கள்.

போலி பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும். அச்சு அசலாகப் பொருந்தும், விலை பாதிக்கும் கீழே, மேலே 6 ஆம்பியர் என்று ஒட்டியிருக்கும். அப்படி ஒன்றை எனக்கு ஒரு கடையில் அசல் என்று சொல்லியே கொடுத்தார்கள். கையில் தூக்கினபோதே சந்தேகம். பத்து செல் இருக்க வேண்டிய பேட்டரி ஐந்து செல் எடைதான் இருந்தது. வெயில் ஏறியதும் பாதி அறையில் நின்றுவிடும். பில் கேட்டால் எஸ்டிமேட் துண்டுச் சீட்டு. வாங்கும்போது தராசில் வைத்துப் பாருங்கள், ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், வாரண்டிப் பதிவைக் கடையிலேயே முடித்துவிடுங்கள்.

இன்றைக்குப் புதிதாக ஒருவர் கேட்டால் நான் சொல்வது இதுதான். ஏற்கெனவே எந்தக் கம்பெனி பேட்டரி வீட்டில் இருக்கிறதோ அதே கம்பெனி கன்னை வெறும் உடம்பாக வாங்குங்கள். செலவு அங்கேதான் மிச்சமாகும். ஒன்றுமே இல்லை, சீலிங்தான் முழு வேலை என்றால் அழுத்தினால் ஓடுகிற வகை, இரண்டு சிறிய பேட்டரி, ஒரு வேக சார்ஜர். ஹில்டி நல்ல மிஷின்தான், பெரிய ஒப்பந்தக்காரர்களுக்குச் சரி; எங்கள் மாதிரிச் சின்ன செட்டுக்கு அந்த விலை கணக்கில் உட்காராது. வாரம் ஒரு முறை காற்றடித்து மோட்டார் துவாரங்களில் இருக்கிற ஜிப்சம் தூசியை ஊதுங்கள், ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஒயர் கன் இருந்தால் விற்காதீர்கள், விற்றாலும் ஒன்றும் வராது. மண்டபம் மாதிரி கரண்ட் நிற்காத சைட்டில் சாரத்தின்மேல் ஒருவன் நாள் முழுக்க நகராமல் முடுக்குவதற்கு இன்றைக்கும் அதைத்தான் கொடுத்து ஏற்றுகிறேன்.